ஜெரி கடையில் நெருப்பு தோற்காது

கல்மண்டபத்தில் என் போட் இன்ஜின் பட்டறையை ஒட்டினாற்போல் ஜெரியின் கேம் கடை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனவன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு ஷட்டர் ரூமும் இரண்டு கம்ப்யூட்டரும்தான் அவன் சொத்து. போலீஸ் வண்டி சும்மா போனாலே சட்டைப் பட்டனைப் போட்டுக்கொள்கிற ஆள்.

அங்கே எல்லாரும் கேட்பது ஒரே சண்டை கேம். அதில் நாலு ஆள். தண்ணீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு காற்றைத் தின்னும். காற்று மண்ணைத் தூற்றும். மண் தண்ணீரை உறிஞ்சும். யாரை எடுத்தாலும் ஒருத்தனை ஜெயிக்கலாம், ஒருத்தனிடம் உதை வாங்கித்தான் ஆகவேண்டும். இந்த நியாயம் எல்லாம் ஒரு ஃபைலில் நம்பராக இருக்கிறது என்று ஜெரிக்குத் தெரியும். தண்ணீர் ஒரு அடி அடித்தால் நெருப்பின் உயிரில் நாற்பது போகும். அதை அழித்துப் பத்து என்று போட்டால் பத்துதான் போகும்.

அவன் அதைத் தொட்டிருக்க மாட்டான். புழல் ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்த ஜெகதீசன் கடைக்குள் நுழைந்ததுதான் வினை. இரண்டு கொலை கேஸ். அவன் நெருப்பைத்தான் எடுப்பான். முதல் நாள் ஹென்றி என்கிற லோடுமேன் தெரியாமல் தண்ணீரை எடுத்து ஜெயித்துவிட்டான். ஜெகதீசன் திட்டவில்லை. ஜாய்ஸ்டிக் வயரை ஹென்றியின் கழுத்தில் மாலை மாதிரி மெதுவாகப் போட்டு, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். ஹென்றி அப்புறம் அந்தச் சந்துக்கே வரவில்லை.

அன்றே ஜெரி இரண்டு ஃபைல் செய்துகொண்டான். நியாயமானது ஒன்று, ஜெகதீசனுக்கு ஒன்று. சந்து முனையில் அவன் புல்லட் பைக் சத்தம் கேட்டதும் கேமை மூடி, ஃபைலை மாற்றி, திரும்பப் போடுவான். பதினாலு மாதம் நெருப்பு தோற்கவே இல்லை. ஜெரிக்குத்தான் தூக்கம் போயிற்று. எவன் புல்லட் ஓட்டினாலும் கை தானாக மவுஸுக்குப் போகும்.

போன ஞாயிறு சாண்ட்ரா வந்திருந்தாள். ஜெரியின் கொழுந்தியாள். எர்ணாவூரில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். பூசை முடிந்து அக்காவைப் பார்க்க வந்தவள் ஜெரியோடு கேமில் உட்கார்ந்துவிட்டாள். நான் இரவல் கொடுத்த ஸ்பானரைக் கேட்டு உள்ளே போன நேரம், ஜெகதீசன் வாசலில் நின்றான். நடந்தே வந்திருக்கிறான். ஃபைல் மாற்ற நேரமில்லை.

"நவுரு ஜெரி. பாப்பா கூட ஒரு ஆட்டம்."

சாண்ட்ரா தண்ணீரை எடுத்தாள். ஜெரி அவளுக்குக் கண்ணைக் காட்டினான். அவள் திரையைத்தான் பார்த்தாள்.

"மெஷினு சூடாகிக்கீதுண்ணா, ஒருவாட்டி ஆஃப் பண்ணி..." என்று ஜெரி கையை நீட்டினான்.

"கைய எடு."

நாலே அடி. நெருப்பு விழுந்தது. மறுபடியும் ஆடினார்கள். மறுபடியும் விழுந்தது.

"இன்னாண்ணா, தீப்பெட்டி நமுத்துப் போச்சா?" என்று சாண்ட்ரா சிரித்தாள்.

ஜெகதீசன் அவளைப் பார்க்கவில்லை. ஜெரியைத்தான் பார்த்தான்.

"நீ வூட்டுக்குப் போம்மா."

அவள் போனதும் ஜெகதீசன் ஷட்டரைப் பாதி இறக்கினான். "எத்தினி நாளா?"

ஜெரி பொய் சொல்ல வாயைத் திறந்தான், வரவில்லை. "பதினாலு மாசமாண்ணா. தனியா ஒரு ஃபைலு வெச்சி நாப்பதைப் பத்தாக்கிட்டேன். பயந்துகினு பண்ணிட்டேன். புள்ளக்குட்டிக்காரன்."

அடி விழும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். விழவில்லை. ஜெகதீசன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்போ வெளில எவன் எவன் எனுக்கு நம்பரைக் கொறச்சி வெச்சிகிறான்? டீக்கடைல எந்திரிச்சி நிக்கிறான். கூட்டாளிங்கோ நான் சொன்னதுக்கெல்லாம் சிரிக்கிறான். நாளைக்கி எவன் நாப்பது போடுவான்னு எனுக்கு எப்டிடா தெரியும்?"

அவன் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை ஜெரி பக்கம் தள்ளினான்.

"ஒக்காரு. தண்ணிய எடு. நெஜமா அடி. கம்மியா அடிச்சே, அப்பால தெரியும் சேதி."

ஜெரி என்னைப் பார்த்தான். ஜெயித்தாலும் வம்பு, விட்டுக்கொடுத்தாலும் வம்பு. அவன் விரல் பட்டனில் வழுக்கியது. இரண்டு அடி காற்றில் போனது.

"அடின்னு சொன்னேன்."

அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். நெருப்பு விழுந்தபோது அவன் தலையைக் குனிந்து, கழுத்தை இழுத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஜெகதீசன் எழுந்தான். "அந்த இன்னொரு ஃபைல அழி. தெனம் வருவேன், தெனம் அடிக்கணும்." ஜெரி என் கண் முன்னால் அழித்தான். அழிக்கவா என்று மெஷின் கேட்டதற்கு ஆமாம் சொல்ல அவனுக்கு மூன்று தடவை ஆனது.

ஷட்டருக்கு அடியில் குனிந்த ஜெகதீசன் வெளியே போகவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்தான். வெயிலில் ஐஸ் வண்டி ஒன்றுதான் நின்றது.

"மெக்கானிக்கு, முக்கு வரிக்கும் கூட வா."

போனேன். அவன் என்னை முன்னால் நடக்கச் சொன்னான்.