கடையில் குடியிருந்த கைப்பை

தோல் பை வியாபாரத்தில் ஒருவன் பத்து மழைக்காலம் தாக்குப்பிடித்துவிட்டால் அவன் தோலே தானாகப் பதமாகிவிடும், பதனிட ஆவாரம்பட்டை தேவையில்லை.

நின்று நின்று கால் வீங்கிய கடைக்காரர்களே, "இதைவிட நல்லதா ஒண்ணு காட்டு" என்ற குரல் கேட்டாலே முதுகு வலிக்க ஆரம்பிக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. வேலூர் பஜாரில், கோட்டை அகழியின் வாசனை காற்றில் வருகிற பக்கமாக என் கடை. முன்னால் நாயுடுவாகிய நான், பின்னால் கரீம் சாயபு, ஆம்பூரிலிருந்து வந்த தையல்காரர். அவர் வெட்டித் தைப்பார், நான் பேசி விற்பேன். நாயுடு சொல்றதுல பாதி பொய் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அபாண்டம். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்.

நிபந்தனைகள்

இன்னும் போணி ஆகாத ஒரு காலை நேரத்தில் சிவகாமி டீச்சர் வந்தார். சின்ன வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து பாடம் நடத்துவதைப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நிலைக்கும், அதுவரைக்கும் தொங்கலில். முதல் நாள் புத்தகங்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசல் காவல்காரன் கீரைக்காரி என்று நினைத்துப் பின்பக்கமாகப் போகச் சொல்லிவிட்டான். வெள்ளைக்காரத் தலைமையாசிரியை அதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, மூட்டையோடு இனி வரக்கூடாது, மரியாதையாக ஒரு தோல் பையோடு வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம்.

அதனால் பை வேண்டும். கறுப்பு ஆகாது, புது வேலைக்கு அபசகுனம். சிவப்பு ஆகாது, டீச்சருக்கு அழகில்லை. நோட்டுப் புத்தகமும் சாப்பாட்டு டப்பாவும் உள்ளே போகவேண்டும். ஆனால் வெளியே பார்த்தால் சின்னதாக இருக்கவேண்டும். துரைசானிகள் வைத்திருப்பது போலப் பித்தளைப் பூட்டு வேண்டும்; பூட்டு பளபளவென்று கண்ணை உறுத்தக் கூடாது. கீழே வைத்தால் சாயாமல் நிற்கவேண்டும். கனம் கூடாது. விலை கம்மியாக இருக்கவேண்டும். கம்மி விலை என்று பார்த்தவுடன் தெரியக் கூடாது. நான் ஏணியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஏணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கரீம் சாயபு வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நாயுடு, அந்தம்மா கேக்குறது பை இல்லய்யா, மாப்பிள்ளை."

வாசனைப் பரீட்சை

மறுநாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொரு பையாகத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்தார். தோல் வாடை அடிக்கிறது என்று நுழைத்தவுடன் மூடி வைத்தார். கல்லா மேல் மலைபோலப் பைகள் குவிந்தன. ஏலகிரிக்கே போகவேண்டாம், ஏறி நின்றால் குளிர்காற்று வாங்கலாம் போல இருந்தது.

வியாபாரம் கைநழுவுகிற நேரத்தில் எனக்கு நாக்கு தானாக நீளும். "வாசனைதாம்மா அசலுக்கு அடையாளம்," என்று ஆரம்பித்தேன். "போன வருஷம் ஒரு வக்கீல் குமாஸ்தா நம்ம கடைப் பையோட பள்ளிகொண்டா சந்தை வழியா நடந்து வந்தாரு. சந்தையில நின்ன ஆடு பூரா கயித்தை அறுத்துக்கிட்டு அவர் பின்னால கிளம்பிடுச்சு. சத்துவாச்சாரி வரைக்கும் விடலியே! ஒரு கெடா மட்டும் அவர்கூடக் கோர்ட்டுக்குள்ளயே போய் ஜட்ஜ் எதிர்ல நின்னுச்சு. அவ்வளவு அசல் தோலு!" கரீம் சாயபு தலையில் கைவைத்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அப்பிடின்னா ஆடு பின்னால வராத பையா ஒண்ணு காட்டுங்க, ஐயா. பொண்ணுங்க பின்னால வந்தா எனக்குப் போதும்."

வாசப்படி

கடைசியில் பை கிடைத்தது. கடையில் இருந்தது இல்லை. கரீம் சாயபு பொறுக்கமாட்டாமல் தானே புதிதாகத் தைத்தது. காப்பிக் கொட்டை நிறத்தில் வெள்ளாட்டுத் தோல், தட்டையான அடிப்பாகம், மங்கலான பூட்டு. உள்ளே பட்டுத் துணி வைத்தால் விலை ஏறும் என்று குடியாத்தம் லுங்கித் துணியில் கட்டம் போட்ட உள்தைப்பு. வெளியே துரைசானி, உள்ளே நெசவாளி வீட்டுப் பிள்ளை. டீச்சர் அதைக் கையில் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். முகம் மலர்ந்துவிட்டது. தீர்ந்தது பேஜார் என்று நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

துடைத்து முடிப்பதற்குள் அவர் பையைக் கல்லா மேல் வைத்துவிட்டு நின்றார். "இதை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போக முடியாதுங்க" என்றார். விஷயம் அப்புறம்தான் வந்தது. புருஷனுக்குக் காட்பாடி ரயிலடியில் வேலை. ஆள் குறைத்ததில் அவர் வேலை போய்விட்டது. இப்போது வீட்டில் உலை கொதிப்பது இவர் சம்பளத்தில்தான். மாமனார் பெரிய சைவர், தினமும் சிவபூஜை. மருமகள் வேலைக்குப் போக ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்: தோல் சாமான் எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது, தாண்டினால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. தோல் பை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாது, தோல் பையோடு வீட்டுக்குள் போக முடியாது.

டீச்சரே ஒரு வழியும் சொன்னார்: "பகல்ல என்கிட்ட இருக்கட்டும், ராத்திரி உங்க கடையில தூங்கட்டும். சரிங்களா, ஐயா?"

ஆணியில் தொங்கிய லட்சுமி

சரி என்று தலையாட்டியதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! பஜாரில் பால்காரன்கூட வராத நேரத்தில் நான் கடை திறக்கவேண்டும். டீச்சர் துணி மூட்டையோடு வருவார். மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் பைக்குள் அடுக்குவார். மடித்த துணியை என் கல்லாவுக்குள் திணித்துவிட்டு ஓடுவார். சாயங்காலம் எல்லாம் தலைகீழ். ஒரு நாள் காய்ச்சல் என்று நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பூட்டிய கடை வாசலில் மூட்டையோடு நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். கதவைத் திறக்கும்போது "காய்ச்சல்மா" என்று நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் பெண்டாட்டிக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை.

லீவு நாட்களில் இன்னும் மோசம். பை ஆணியில் லட்சுமி படம் போலத் தொங்கும். கடைக்குள் நூறு பை இருந்தாலும் வருகிறவர் கண் நேராக அந்த ஆணிக்குத்தான் போகும். ஆம்பூர் தோல் மண்டிக்காரர் ஒருவர், தன் மகளுக்கு என்று அதையே கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். விலையை ஏற்றினார். இல்லை என்றேன். இன்னும் ஏற்றினார். கரீம் சாயபு பின்னாலிருந்து இருமினார். அது விற்றுத் தொலை என்கிற இருமல். நான் பையை எடுத்துக் கீழே வைத்து அதன்மேல் மெத்தையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அந்தப் பூட்டின் தடம் என் பின்புறத்தில் பதிந்திருந்தது.

மண்டிக்காரர் படியிறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "ஏன் நாயுடு, இது இன்னா கடையா, மியூசியமா?"

சாமி தோல்

ஒரு நாள் மத்தியானம், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று கடைக்குள் நுழைந்தார். அக்குளில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். மான் தோல். பூஜையில் உட்காருகிற ஆசனம்; ஓரமெல்லாம் சுருண்டு, சிவப்புத் துணிக் கரை பிய்ந்து தொங்கியது. துணி தைக்கிறவன் ஊசி அதில் இறங்கவில்லையாம். கரீம் சாயபு குத்தூசியை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து பொழுது போகாமல் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். மகனுக்குக் காட்பாடி ரயிலடியில் வேலை போனது, மருமகள் டீச்சர் வேலைக்குப் போவது என்று அவர் சொல்லச் சொல்ல, இவர்தான் டீச்சரின் மாமனார் என்று புரிந்து நான் வாசலைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

"இங்க காத்து கம்மி, ஐயா. கோட்டைப் பக்கம் போய் ஒரு நடை நடந்துட்டு வாங்களேன்" என்றேன். "கால் வலி" என்றார். அகழியில் முதலை ஒன்று வந்திருக்கிறது, ஊரே வேடிக்கை பார்க்கிறது என்றேன். "முதலைய நான் பாத்திருக்கேன்" என்றார். நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் படியேறி வந்துவிட்டார், கையில் பையோடு. மாமனாரைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு துரைசானியோட பையைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருக்காங்க என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "மாமா, இது என்னோட பைதான். வாசப்படிய ஒரு நாளும் தாண்டல. பள்ளிக்கூடத்துல இது இல்லாம என்னை உள்ள விடமாட்டாங்க."

பெரியவர் பையைப் பார்த்தார். கரீம் சாயபு மடியில் கிடந்த மான் தோலைப் பார்த்தார். கரீம் சாயபு தலை நிமிரவே இல்லை. குத்தூசி மட்டும் போய்வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "சிவபெருமானே இடுப்புல புலித்தோலு, மேல யானைத்தோலு போத்திக்கிட்டவரு இல்லீங்களா?" என்றேன். பெரியவர் என்னை ஒரு முறை முறைத்தார். "அவரு சாமிய்யா. கைலாசத்துல அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கிடையாது" என்றார். அப்புறம் நெடுநேரம் விபூதியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போவதும் இருப்பதும் அந்த விரல்கள் நெற்றியிலிருந்து இறங்குவதில் இருந்தது.

இறங்கின. மருமகளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "கொல்லைப் பக்கமா கொண்டாந்து மாட்டுக் கொட்டாயில மாட்டு. பசுவுக்கு ஆட்சேபணை இல்லேன்னா எனக்கும் இல்ல."

பெரியவர் வாங்கிய கைப்பிடி

அதோடு நான் பிழைத்தேன் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பால்காரன் வந்து போன பிறகு நிம்மதியாகக் கடை திறந்தேன், ஒரு வாரம். அடுத்த வாரம் ஒரு லீவு நாளில், நட்டநடுப் பகலில், ஜனம் நெரிகிற பஜாரில், அதே பெரியவர் நடுத்தெருவில் வருகிறார். துண்டும் இல்லை, மறைப்பும் இல்லை. நெற்றியில் விபூதி, நெஞ்சோடு அணைத்தபடி காப்பிக் கொட்டை நிறப் பை. பையில் எல்லாம் இருந்தது, கைப்பிடி மட்டும் இல்லை. பசு ராத்திரியெல்லாம் சப்பி மென்று விழுங்கிவிட்டதாம். தோலில் உப்பு இருக்கும், மாட்டுக்கு அது முறுக்கு. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"இருக்கிற கைப்பிடி ஒண்ணைப் போட்டுத் தரேன்" என்றார் கரீம் சாயபு. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது தடிமன் ஜாஸ்தி, மருமகள் கை வலிக்கும். இது நிறம் ஒட்டவில்லை. இதற்கு வளைவு போதாது, துரைசானி வைத்திருப்பது நன்றாக வளைந்திருக்கும். ஒவ்வொரு தோல் வாரையும் மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். நான் ஏணியில் ஏறி இறங்கினேன். கடைசியில் பிடித்த ஒன்றைத் தைக்கச் சொல்லி, தையல் நேராக வருகிறதா என்று கரீம் சாயபு தோளுக்கு மேல் குனிந்து நின்று பார்த்தார். மருமகள் வெயிலில் வரவேண்டாம் என்று அவரே அலைந்திருக்கிறார். தைத்து முடித்ததும் பையைத் தன் கையில் மாட்டி, நிலைக்கண்ணாடி முன்னால் இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை. அப்புறம்தான் திருப்தி. (இன்ஸ்பெக்டருக்கும் திருப்தி என்று மறுநாள் சாயங்காலம் டீச்சர் கற்கண்டோடு வந்து சொன்னார், வேலை நிலைத்தது.)

அவர் படியிறங்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னங்க ஐயா, தோலைக் கையில மாட்டிக்கிட்டு நடுபஜார்ல போறீங்களே, நாலு பேர் பாப்பாங்களே?" என்றேன். நின்றார். பையை ஒரு தட்டுத் தட்டித் தூசு துடைத்தார்.

"இது ஆபீஸ் சாமான்யா, நாயுடு. வீட்டுக்குள்ள வந்தாத்தான் தோலு."

இத்தனை வருஷம் ஏணி ஏறி இறங்கியதில் நான் கற்ற வியாபார ரகசியம் ஒன்றுதான்: கைப்பை வாங்க வருகிறவரிடம் நிறத்தையும் விலையையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம், வீட்டில் மாடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.