சைக்கிள் மணியும் சுடுகாட்டுப் பாதையும்

என் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு சைக்கிள் மணி இருக்கிறது. சைக்கிள் இல்லை, மணி மட்டும்தான். மேல்மூடி துருப்பிடித்து, கட்டைவிரலால் இழுத்தால் சளி பிடித்த தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும். கும்பகோணத்தில் நான் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டுக்கு வருகிறவர்கள், பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். என் சித்தப்பாவுடைய மணி என்று சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் வந்தவர்கள் சீக்கிரம் கிளம்ப முடியாது.

என்னைப் பெற்றவர்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சித்திக்குப் பிள்ளை இல்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில், ஊருக்குத் தள்ளி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. சித்தப்பா வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் மதகிலேயே மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார். வழியில் ஆடுமாடு எதுவும் இருக்காது. சித்தி அடுப்பில் டீ வைக்க வேண்டும், அதற்காகத்தான். “வந்துட்டாரு மகராசன், ஊருக்கே தண்டோரா போட்டுக்கிட்டு” என்று திட்டிக்கொண்டே எழுந்திருப்பாள். எழுந்திருக்கும்போதே சிரித்துவிடுவாள். அவர் உள்ளே நுழைவதற்கும் டீ பொங்குவதற்கும் சரியாக இருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே மணி அடிக்காமல் வந்து, டீ எங்கே என்று கேட்டு வம்பு வளர்த்தார். அன்றைக்கு முழுக்கச் சித்தி அவரோடு பேசவில்லை.

எங்கள் தெருவில் வயதானவர்கள் கோவிலுக்குப் போனால் ஒன்று வேண்டிக்கொள்வார்கள். கோடையில் சாக வேண்டும் என்று. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், எங்களுக்கு வராது. எங்கள் சுடுகாடு ஆற்றங்கரையில் இருந்தது. அதற்கும் தெருவுக்கும் நடுவில் முழுக்க வயல், பாதை கிடையாது. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்துவிடலாம். சம்பா நட்ட பிறகு யாராவது போய்விட்டால், ஒரு ஆள் நடக்கிற வரப்பில் நாலு பேர் எப்படித் தூக்கிப் போவார்கள்? இரண்டு பேர் வரப்பிலும் இரண்டு பேர் வரப்போரச் சேற்றிலுமாக, பாடை ஒரு பக்கம் சாய்ந்தபடியேதான் போகும்.

சித்தப்பா ஐப்பசி மாதத்தில் போனார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம், நின்றோம். எங்கள் பக்கத்து நிலம் தட்டையானது. மேடில்லை, மறைப்பில்லை, ஆற்றங்கரை மூங்கில் வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். பாதி தூரத்தில் பாடை ஒரு பக்கமாக இறங்கியது. பிறகு காணோம். வயலுக்கு நடுவில் ஆண்கள் குனிந்து எதையோ தேடுவதுபோலத் தெரிந்தார்கள். திரும்பி வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள். சித்தியும் கேட்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன்பும் பின்பும் பாதைக்காக எத்தனையோ மனு கொடுத்தார்கள். நானே சில மனுக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘மேற்படி பாதை’ என்று எழுதுவோம். மேற்படி பாதைக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, யாருடைய தூக்கமும் கெட்டதில்லை.

சில வருடம் கழித்து ஒரு கிராம சபைக் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சொன்னதால்தான் சித்தி போனாள். வயலுக்குச் சொந்தக்காரரும் அவர் மனைவியும் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள். அந்த அம்மாவை எங்கள் தெருவில் பெரிய வீட்டம்மா என்போம். பாதைப் பேச்சு வந்தது, வழக்கம்போல ‘பார்க்கலாம்’ என்றார்கள். அப்போது சித்தி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

“எனக்கு மனு எழுதத் தெரியாதுங்க. நடந்ததைச் சொல்றேன். அந்த வயல்ல நாத்து நட்டது நான்தான். பச்சை புடிச்சு நின்னுச்சு. நடுவுல எறங்கிப் போயிருந்தா நாலு பேரும் சமமாத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். பயிரை மிதிக்கக் கூடாதுன்னு வரப்போரமாவே போனாங்க. அதட்டுறதுக்கு அங்க ஒருத்தரும் இல்லைங்க. நட்ட ஆளுங்க, மனசு வரலை. வரப்பு சரிஞ்சுடுச்சு. புது வேட்டி கட்டி அனுப்புனேன், தூக்கினப்ப எது வேட்டி எது சேறுன்னு தெரியலை. தெருமுனையில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஓடிப்போய் மூஞ்சியத் தொடச்சு விட்டிருப்பேன். பொம்பளை வரக் கூடாதுன்னு இருக்கே, நின்னுட்டேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் அடுத்த தீர்மானத்துக்குப் போகவில்லை.

மறுநாள் காலை பெரிய வீட்டம்மா எங்கள் தெருவுக்குள் வந்தார். அதற்கு முன் அவர் வாய்க்காலைத் தாண்டி வந்ததில்லை. எங்கள் வீட்டில் பாய் போட்டும் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றார். “அன்னிக்கு மாடியில துணி எடுக்கப் போனேன். நானும் பார்த்தேன். பார்த்துட்டு உள்ள வந்துட்டேன்” என்றார். பிறகு, “பயிரு போனாப் போகுதுன்னு மிதிச்சுட்டே போயிருக்கலாமே” என்றார். “மனசு வரலைங்கம்மா” என்றாள் சித்தி. அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். அந்த அறுவடை முடிந்ததும் வயலோரமாக ஒரு துண்டு நிலம் பாதைக்கு வந்தது. தேர்தல் வந்ததால் நடந்தது என்றும் சொல்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். அந்த வீட்டில் யார் யாரிடம் சண்டை போட்டு அது வந்தது என்று எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியும்.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். முடியவில்லை. பாதை இல்லாத வேறு ஊர்க்காரர்கள் சித்தியைக் கூப்பிட்டார்கள். மயிலாடுதுறையில் ஒரு கூட்டம், பிறகு இன்னொரு கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், கேமரா. போன இடமெல்லாம் அழுதார்கள். தங்கள் வீட்டில் நடந்ததைத் தாங்களும் எழுந்து சொன்னார்கள். யாரென்றே தெரியாத பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சில ஊர்களில் பாதையும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் சித்தப்பாவை மறுபடி அந்தச் சேற்றில் விழ வைத்து, மறுபடி தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டாள். வேண்டாம் என்று சொல்லு சித்தி என்றேன். “கேக்குறாங்களே, எப்படிச் சொல்லாம இருக்கிறது” என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். “ஏன்டி, ஒங்க சித்தப்பா எப்படிச் சிரிப்பாரு?”

எனக்குப் புரியவில்லை.

“கண்ணை மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. சேத்து மூஞ்சி. அதுக்கு முன்னாடி இருந்த மூஞ்சி வர மாட்டேங்குது.”

நான் மணியைப் பற்றிச் சொன்னேன். மதகில் அடிப்பதை, டீ வைப்பதை, தண்டோரா என்று திட்டியதை, பேசாமல் இருந்த அந்த ஒரு நாளை. டிரங்குப் பெட்டியிலிருந்து மணியை எடுத்து வந்து அடித்தும் காட்டினேன். அவள் கையை நிறுத்தி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், வேறு யார் வீட்டுக் கதையையோ கேட்பதுபோல. கடைசியில், “நல்லாத்தான் இருந்திருக்கோம்” என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். ஊருக்கெல்லாம் பாதை கொடுத்த அந்தக் கதை, அவளிடம் இருந்த மனுஷனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

போன கார்த்திகையில் சித்தி போனாள். கோடை வரை காத்திருக்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. அந்தப் பாதையில் அவள் ஒரு தடவைகூட நடந்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், “அங்க எனக்கு இப்ப என்ன வேலை, போற அன்னிக்குப் போறேன்” என்பாள். போனாள். நாங்கள் தெருமுனையில் நின்றோம். பெரிய வீட்டம்மா குடையை மடக்கிவிட்டு எங்களோடு நனைந்துகொண்டு நின்றார். இரண்டு பக்கமும் பயிர் நின்றது. பாடை சாயாமல் மூங்கில் வரைக்கும் போனது. தூக்கிப் போனவர்கள் திரும்பியபோது எல்லாரும் அவர்கள் கால்களைத்தான் பார்த்தோம். முழங்காலுக்குக் கீழே மழைத்தண்ணீர் தவிர ஒன்றுமில்லை.

இப்போது கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள், சித்தி கதையைச் சொல்லச் சொல்லி. போகிறேன். சேற்றிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பையிலிருந்து மணியை எடுத்து மேசைமேல் வைத்து ஒரு தடவை அடிக்கிறேன். இந்தச் சத்தம் கேட்டதும் ஒருத்தி திட்டிக்கொண்டே எழுந்து டீ வைப்பாள் என்று தொடங்குகிறேன். கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை, மணியிலிருந்து தொடங்கு சித்தி என்று முதலிலேயே அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.