அத்தானின் முகம் எந்தப் பக்கம்?

போன மாதம் என் அத்தானின் முகத்தை ரப்பரில் செதுக்கினேன். அன்றிலிருந்து இடது எது, வலது எது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்!

எங்கள் ஊர் செமின் கிரனியேயின் கிராமசபைத் தேர்தலில் என் அக்கா வீட்டுக்காரர் வீராசாமி நின்றார். இன்னொரு வீராசாமியும் நின்றார்! போன தடவையும் இதே கூத்துதான். அத்தானுக்கு விழவேண்டிய வோட்டெல்லாம் அந்த வீராசாமிக்குப் போய்விட்டது. மேல்தெருவுக்குக் குழாய் கொண்டுவருவேன் என்று சொல்லி நின்றவர் அத்தான். அவர் தோற்றதால் அக்கா இன்னமும் கீழ்த்தெருவிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறாள்.

"மச்சான், இந்த முறை பேரை நம்பவேணாம். நோட்டீஸ்ல என் மூஞ்சியைப் போட்டுடு" என்றார். எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல்தான் — உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

தலைநகர் போர்ட் லூயிஸுக்குப் போய்ப் படத்துக்கு அச்சு பிளாக் செய்ய வசதியில்லை. ரப்பர் ஸ்டாம்பு வெட்டத் தெரியும் என்று நான் எப்போதோ உளறியிருக்கிறேன்... மாட்டிக்கொண்டேன்.

பழைய ஷூவின் குதிகால் ரப்பர், ஒரு சவரப் பிளேடு, அத்தானின் போட்டோ. போட்டோமேல் எண்ணெய்க் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கோடு எடுத்தேன். ஸ்டாம்பில் எல்லாம் இடம் வலமாக இருக்கவேண்டும் அல்லவா? காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் கோடு போட்டேன். அந்தப் பக்கத்தை ரப்பர்மேல் கவிழ்த்துத் தேய்த்தேன். கவிழ்க்கும்போதே படம் ஒருமுறை திரும்பிவிடும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. இரண்டு தடவை திரும்பியதில் ரப்பரில் படம் நேராகவே விழுந்துவிட்டது.

மூன்று நாள் செதுக்கினேன். மை தொட்டு அழுத்தினால்... இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்குக் குடிபோயிருக்கிறது! வகிடும் கூடவே போயிருக்கிறது.

அக்கா பார்த்தாள். "கி சான்லா சா?" யார் இந்த ஆள் என்கிறாள். கட்டிய புருஷனை!

அத்தானோ துள்ளினார். "சாமேம் ம்வா! நானேதான்! போட்டோக்காரன் என் மூஞ்சியைக் கெடுத்து வச்சிருந்தான். நீ சரி பண்ணிட்டே."

எனக்குத் தலை சுற்றியது. யார் சொல்வது சரி? யோசித்தால், அவர் தினமும் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்ப்பது இந்த முகத்தைத்தான். நம் முகத்தை ஊரே பார்க்கிறது, நாம் மட்டும் பார்த்ததில்லை! போட்டோவில் நான் சரியாக விழமாட்டேன் என்று ஆளாளுக்குப் புலம்புவது இதனால்தானோ?

"வேறு வெட்டித் தருகிறேன் அத்தான்" என்றேன்.

"வேணாம். எனக்கே தெரியாத ஆளுக்கு நான் எப்படி வோட்டுக் கேக்கிறது?"

நோட்டீஸ் போயிற்று. மறுநாளே ஊரில் கேள்வி — "மூணாவதா ஒரு வீராசாமி நிக்கிறாராமே?"

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த தேர்தல்வரை வாளி தூக்குவதா? நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"படத்தைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. வோட்டுச் சீட்டுல கடைசியா இருக்கிற வீராசாமிதான் என் புருஷன்."

அத்தான் ஜெயித்துவிட்டார்! கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். "பாத்தியா... எல்லாம் என் மூஞ்சிக்கு விழுந்த வோட்டு!"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முதல்ல குழாய் வரட்டும். அடுத்த தடவை கண்ணாடியில தெரியிற அந்த ஆளை, நான் இல்லாம தனியா நிக்கச் சொல்லுங்க, பாப்போம்."