தஞ்சாவூர் மாளிகையில் முறிந்த என் கலியாணம்

புதுச் சுண்ணாம்பு வாசம்... அதுதான் முதலில் மூக்குக்கு வந்தது. ஏதோ ஒரு பிரபுவின் பழைய மாளிகையாம். இடிந்து கிடந்ததைத் திருத்தி, வெள்ளையடித்து, சனங்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டிருந்தார்கள். தரை காலுக்குக் குளிர்ந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினேழு வயது. இலங்கையின் கிழக்குக்கரையில் சாய்ந்தமருதிலிருந்து உம்மா, வாப்பா, நான் மூன்று பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, நாகூரில் நேர்ச்சையை முடித்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போயிருந்தோம். வாப்பாவின் துணிக்கடைக்குச் சாரன், அவர்கள் சொல்கிற கைலி, அனுப்புகிற முதலாளி அங்கேதான் இருந்தார். அவருடைய மகனுக்கு என்னைக் கேட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அதனால் வாப்பா, "ஊடு ரெடி" என்று சொல்லியிருந்தார். அவர்களும் "எங்க வீடும் ரெடி" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே சந்தோஷம். யார் எந்த வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை!

மாப்பிள்ளையின் தாய்தான் எங்களை மாளிகை பார்க்கக் கூட்டிப்போனார். காவலாள் ஒருவர் அறை அறையாகக் காட்டினார். "பிரபுவோட மூணு சம்சாரமும் இங்கதான் வாழ வந்தாங்க" என்றார்.

உம்மாவுக்கு அது விளங்கவில்லை. "ஏன், அவங்கட தாய் தகப்பன் ஒரு ஊடும் குடுக்கல்லியா? மூணு பேருக்குமா?"

மாப்பிள்ளையின் தாய் சிரித்துவிட்டார். "நல்லா கேட்டீங்க! நம்ம பொண்ணும் இப்படித்தானே எங்க வீட்டுக்கு வாழ வரப்போறா?"

"ஆரு? எங்கட மகளா?"

"பின்னே?"

"இல்ல கா... உங்கட மகன்தானே எங்கட ஊட்ட வந்து இரிக்கிற?"

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "வீட்டோட மாப்பிள்ளையாவா? எம்புள்ளை என்ன கதியத்தவனா?"

உம்மா மெய்யாகவே குழம்பிப்போய்க் கேட்டார், "மாப்பிள ஊட்டோட இரிக்காம றோட்டுலயா இரிக்கிற?"

உம்மா நக்கலடிக்கவில்லை, சத்தியமாக! எங்கள் ஊரில் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஒரு ஏச்சே கிடையாது. காவலாள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் வெள்ளை.

அன்று பின்னேரமே பேச்சு முறிந்துவிட்டது. வாப்பாவும் முதலாளியும் "உங்கட வழமை உங்களுக்கு, எங்க வழக்கம் எங்களுக்கு" என்று கைகொடுத்துப் பிரிந்தார்கள். சாரன் மட்டும் தொடர்ந்து வந்தது.

திரும்பி வரும்போது கப்பலில் உம்மா என் தலையைத் தடவித் தடவிச் சொன்னார். "அல்லாஹ் காப்பாத்தினான், மகள். உன்னக் கடல் தாண்டி உட்டுட்டு நான் என்னெண்டு இரிக்கிற?"

எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. வாப்பாவைக் கேட்டார்கள், உம்மாவைக் கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை...

பிறகு மருதமுனையிலிருந்து ஒருவர் மாப்பிள்ளையாக வந்தார், எங்கள் வழமைப்படி என் வீட்டுக்கே. நல்ல மனிசன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இப்போது பேத்திக்குப் பேசி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கனடாவில். என் மகள் அவளிடம் நேராகவே கேட்டாள். "போவியா புள்ள? இல்லாட்டி இஞ்சயே ஒரு இடம் பாப்பமா?"

அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே, "யோசிச்சிச் சொல்றன் உம்மா" என்றாள்.

பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? விடிய சுபஹ் தொழுதுவிட்டு யோசித்தால், போயிருப்பேன் என்று தோன்றுகிறது. பின்னேரம் அஸர் தொழுகைக்குள், சேச்சே, உம்மாவை விட்டுவிட்டா என்று மனம் மாறிவிடுகிறது. எழுபது வருசமாகியும் இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.