கொடியில்லாமல் ஆட வந்தவள்

செவ்வாய்க்கிழமை காலை நாகர்கோவில் சந்திப்பில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான். குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஆள் ஏற்றி இறக்கிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பள்ளிக்கு விடுப்பு போட்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடக்கிறது, பரிசுத்தொகை சின்னதுதான் என்று என் கல்லூரித் தோழி ஜெயா சொல்லியிருந்தாள். வாரம் மூன்று நாள் கிளப்பில் ஆடுகிறவள் நான். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை.

ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீவராகத்தில் இருக்கும் ஜெயா வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் பாறசாலைக்காரர்.

“டென்னிஸ் காணவா வந்தீங்க? கிரிக்கெட்டுன்னா இவிடெ ஆளு கூடும். இதுக்கு டிக்கெட் உண்டோ?”

“இல்லை, சும்மாவே பார்க்கலாம்.”

“அப்போ கொள்ளாம், நல்லதுதான்,” என்று சிரித்தார்.

ஜெயா வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தாள். “மெதுவா வாடி எஸ்தர். மாடியில ஒரு ஆட்டக்காரி தூங்கறா.”

சின்னப் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு ஹோட்டல் வாடகை கட்டுப்படியாவதில்லை. அதனால் ஊர்க்காரர்கள் சிலர் வீட்டில் இடம் கொடுக்கிறார்கள். ஜெயாவுக்கு வாய்த்தவள் வேரா, இருபத்திரண்டு வயது, பெலாரஸ்காரி. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா, பெலாரஸ் ஆட்டக்காரர்கள் தனிநபராக மட்டுமே ஆடலாம். கொடியோ நாட்டின் பெயரோ கூடாது. மைதானத்துப் பலகையில் மற்ற எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு கொடி இருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை.

அன்று பிற்பகல் அவளுக்கு போன் வந்தது. ராணுவ அதிகாரி ஒருவரிடம் அவள் கோப்பை வாங்கும் பழைய படத்தை யாரோ போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ராணுவத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு ஆட அனுமதி இல்லை. தலைமை நடுவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்.

அடுக்களையில் ஜெயா பொரிந்தாள். “யுத்தம் இவளா தொடங்கினா? என்ன நியாயம் இது, நீயே பறயு!”

“உக்ரைன்ல வீடு இடிஞ்ச பொண்ணுங்களும் இதே போட்டிக்கு வந்திருக்காங்களே ஜெயா. அந்தப் படத்தைப் பார்த்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

என்ன பேசுகிறோம் என்று வேரா கேட்டாள். மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அந்தப் படம் எடுத்தபோது தனக்குப் பதினைந்து வயது என்றாள். பனிக்காலத்தில் ஆட ஊரில் இருந்த ஒரே கூடம் ராணுவ கிளப்புடையது. பள்ளிப் போட்டியில் ஜெயித்தாள், அந்த அதிகாரி கோப்பை கொடுத்தார், அவ்வளவுதான்.

“போரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டேன்.

கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்தாள். “என் அம்மா இன்னும் பெலாரஸில்தான் இருக்கிறாள்,” என்றாள்.

அதற்குமேல் கேட்காமல் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு பதில் வந்தது: ஆடலாம். ஜெயா உடனே ரவா கேசரி கிளறினாள். வேரா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய், முதல் சுற்றில் புனேக்காரப் பெண்ணை ஜெயித்தாள். சாயங்காலம் மூவரும் சங்குமுகம் கடற்கரையில் சுண்டல் தின்றோம். அத்தனை நிம்மதியான மாலை எனக்கு அமைந்து ரொம்ப நாளாகிவிட்டது.

வியாழக்கிழமை இரண்டாம் சுற்று. எதிரே ஒக்ஸானா, உக்ரைன்காரி. வெள்ளையம்பலத்துக்கு அப்பால் இருந்த அந்த மைதானத்தில் நாற்பது பேர் இருந்திருப்போம். ஒன்பது மணிக்கே வெயில் தீய்த்தது. வேராவின் பேக்ஹேண்ட் கோட்டோரமாகச் சீறியது. ஒக்ஸானா எல்லாவற்றுக்கும் ஓடி ஓடித் திருப்பினாள். மூன்றாவது செட்டில் வேரா தோற்றாள்.

ஒக்ஸானா வலையருகே வந்தாள். வேராவைப் பார்க்காமல் நடுவருக்கு மட்டும் கை கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பின்வரிசையிலிருந்து சிலர் “கூ” என்று கத்தினார்கள். ஜெயாவும் வாயைக் குவித்தாள். நான் அவள் தொடையில் தட்டினேன்.

அதற்குள் வேரா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தடவை ஆட்டினாள். சத்தம் அடங்கியது. பையை எடுத்துக்கொண்டிருந்த ஒக்ஸானா நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

“மரியாதை தெரியாத பொண்ணு,” என்றாள் ஜெயா, வீட்டுக்கு வரும் வழியில். நான் மொழிபெயர்த்ததும் வேரா தலையசைத்து மறுத்தாள். “அவள் இடத்தில் இருந்தால் நானும் கை கொடுத்திருக்க மாட்டேன். அவளுடன் ஆட விட்டார்களே, அது போதும்.” இரவு அடையும் அவியலும். நான்காவது அடைக்கு அவளே தட்டை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவள் அடுத்த போட்டிக்குக் கிளம்பினாள். நான் ஊர் திரும்பினேன்.

ஞாயிறு மாலை எங்கள் கிளப்பில் இரட்டையர் ஆட்டம். அங்கே எந்த நாடு என்று கேட்பவர் யாருமில்லை. கொஞ்சம் பந்து திருப்பத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அன்றைக்கு நானும் என் ஜோடியும் தோற்றோம். வலையருகே போய் எதிரணி செல்வராஜ் சாருக்குக் கை கொடுத்தேன். வருஷக்கணக்காக யோசிக்காமல் செய்கிற காரியம் அது.

“என்ன டீச்சர், தோத்த கோவமா? கைய விடுங்க!” என்றார் அவர்.

அப்போதுதான் பார்த்தேன், அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.