ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய் வழிகாட்டியும் எண்ணூர் முகத்துவாரமும்

சைக்கிளில் மாட்டுவதற்கு வரைபடத்தோடு கூடிய ஜிபிஎஸ் கருவி எது வாங்கலாம், கையைக் கடிக்காத விலையில் கிடைக்குமா என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். உடனே பதில் எழுத முடியவில்லை. பத்து மாதமாக நான் சைக்கிளைத் தொடவே இல்லை. போன ஜனவரி இரண்டாம் சனிக்கிழமைதான் மறுபடி ஏறினேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பியதில் 33.4 கிலோமீட்டர். கருவி வாங்கிய கதையும் பயணக் கதையும் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்துப் போனது. நம் ஊரில் பின்னால் வருகிற வண்டி வலது பக்கமாகத்தான் முந்தும். ஆகவே லாரிக்காரர் ஆரன் அடித்தால் எனக்கு அது எங்கோ தூரத்தில் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. போன வருடம் கடலோர எக்ஸ்பிரஸ் சாலையில் செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வழி பார்த்துப் போனேன். வெயில் சூட்டில் போன் தானாக அணைந்துவிட்டது. குனிந்து அதை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கக் கண்ணாடி தோளைத் தட்டியது. மணலில் விழுந்ததால் மணிக்கட்டு மட்டும் உடைந்தது. தார் மேல் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் மனைவி ஜோசபின், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த என்னை அவள் திட்டவில்லை. சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டினாள், அவ்வளவுதான். பத்து மாதம் கழித்து நான் மெதுவாகப் பேச்சை எடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ எந்த ரூட்ல போறியோ, நானும் பின்னாடியே ஸ்கூட்டர்ல வருவேன். நீ குனிஞ்சு அந்த டப்பாவப் பார்த்தேன்னு வை, ஒரு ஆரன். மூணு ஆரன் ஆச்சுன்னா சைக்கிள் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடும். இன்னா, ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கருவி தேடும் வேலையில் இறங்கினேன்.

கடையிலும் இணையத்திலும் பார்த்ததில் என் கணக்குக்கு மூன்று வகை தேறியது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் வரைபடம் கிடையாது. நீங்கள் முன்கூட்டி ஏற்றிய பாதை வெள்ளைத் திரையில் ஒரு கறுப்புக் கோடாக மட்டும் தெரியும். சுற்றிலும் தெரு, வாய்க்கால், ரயில் பாதை எதுவும் இருக்காது. அடுத்தது ஒன்பதாயிரத்து எண்ணூறு. இதில் முழு வரைபடம் உண்டு, நெட் இல்லாமலே வேலை செய்யும், திருப்பத்துக்கு நூறு மீட்டர் முன்னால் பெரிய அம்புக்குறி வரும். வழி தப்பினால் புது வழி கண்டுபிடிக்க மட்டும் செல்போனின் துணை வேண்டும். மூன்றாவது வகை முப்பதாயிரத்துக்கு மேல். போன் இல்லாமல் தானே புது வழி போடும், தொடுதிரை, கண்ணைக் கவரும் வண்ணங்கள். எல்லாம் சரி, என் சைக்கிளே பதினாலாயிரம் ரூபாய்தான்.

நடு வகையை வாங்கினேன். பட்டன் வைத்தது. உப்புக் காற்றிலும் வியர்வையிலும் தொடுதிரை படுத்தும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நண்பர் பாஸ்கரிடமிருந்து முதல் வகைக் கருவி ஒன்றை இரவல் வாங்கி இடது பக்கம் மாட்டினேன். வலது ஹேண்டிலில் 350 ரூபாய்க்கு ஒரு சின்னக் கண்ணாடி. காது செய்யாத வேலையை அது செய்யும்.

காலை 5.50-க்குக் கிளம்பினோம். எக்ஸ்பிரஸ் சாலை வேண்டாம் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். டோல்கேட் 3.2 கிலோமீட்டர். அங்கே வரும்போதே இடது பக்கக் கருவி விடாமல் கத்த ஆரம்பித்தது. தலைக்கு மேலே மெட்ரோ பாலம் போவதால் சிக்னல் தடுமாறி, நான் பாதையை விட்டு முப்பது மீட்டர் தள்ளிப் போய்விட்டதாக அது நினைத்துக்கொண்டது. என்ன ஆச்சு என்று குனிந்தேன். பின்னாலிருந்து பீப்.

"ஒண்ணு," என்றாள் ஜோசபின். ஸ்கூட்டரை என் இடது பக்கமாகக் கொண்டுவந்து, நல்ல காதில் படும்படி சொன்னாள்.

என் கருவியும் அந்தப் பாலத்தடியில் தடுமாறத்தான் செய்தது. என்னைக் குறிக்கும் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவித் தாவி வந்தது. ஆனால் சுற்றிலும் தெருக்கள் தெரிந்ததால் நான் எங்கே இருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வரைபடத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அங்கேயே நியாயமாகிவிட்டது.

காலடிப்பேட்டை உள்தெருக்களில் இரண்டாவது ஆரன் வாங்கினேன். தெருக்கள் நெருக்கமாக இருந்ததால் படத்தைப் பெரிதாக்கப் பட்டனைத் தேடினேன், சைக்கிள் கோணியது, ஒரு பால்காரர் பிரேக் போட்டார். ஜோசபின் இந்த முறை எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மொத்தம் போக வேண்டிய தூரத்தில் கால் பங்குகூட முடியவில்லை, அதற்குள் இரண்டு.

6.25-க்குத் தேரடி. ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை, காபி; இருவருக்கும் 110 ரூபாய். சாப்பிட்டு முடித்ததும் ஜோசபின் சைக்கிள் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"இதை ஏன்யா வயித்துக்கிட்ட மாட்டி வெச்சிருக்கே? குனியாம எப்படிப் பார்ப்பே? முன்னாடி தள்ளி மாட்டு."

கருவி ஹேண்டில்பாரின் நடுத்தண்டில் இருந்தது. ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் நீட்டிக் கருவியை மாட்டும் கை ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், அது பைக்குள்ளேயே கிடந்தது. அலட்சியமாக விட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் மாற்றினேன். பாஸ்கரின் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். தானாகவே படம் பெரிதாகிச் சிறிதாகும்படி ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டேன். அதன்பின் சாலையைப் பார்க்கிற பார்வையிலேயே அம்புக்குறி கீழே தெரிந்தது. பத்து மாதத்தில் முதல்முறையாகத் தோள் இறுக்கம் தளர்ந்ததை உணர்ந்தேன். எதிர்க்காற்று இல்லை. பாட்டு வாயில் வந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு போய்ச் சடையங்குப்பத்தில் மாட்டினோம். பாதை தயாரிக்கும்போது 'பெரிய சாலைகளைத் தவிர்' என்று நான்தான் செல்போனில் குறித்திருந்தேன். அது ரொம்ப விசுவாசமாக என்னைத் தாழ்வான உள்சாலை ஒன்றில் இறக்கிவிட்டது. 7.20-க்கு அந்தச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. மழை நின்று பல நாளாகியும் அங்கே வடியவில்லை.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து நின்றார். முனியம்மா என்று பிற்பாடு பெயர் சொன்னார்.

"அந்தாண்ட போவாத நைனா. முட்டி வரைக்கும் தண்ணி கீது."

"எண்ணூருக்குப் போவணும்க்கா. வேற வழி கீதா?" என்று கேட்டாள் ஜோசபின்.

"தோ, இந்த வாய்க்கா கரை மேலயே போ. கொஞ்சம் தூரம் போனா பெரிய ரோடு வந்துடும்."

"ஸ்கூட்டர் போவுமா?"

"மீன்பாடி வண்டியே போய்கினு வந்துகினு கீது. உன் ஸ்கூட்டர் போவாதா?"

கருவியைக் கழற்றி அவரிடம் காட்டினேன். வாய்க்கால் நீலமாகவும், அதன் கரையில் ஒரு மெல்லிய புள்ளிக்கோடும் இருந்தன. அவர் சொன்ன வழிதான் அது. முனியம்மா திரையை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"எங்க வூடு எங்க கீது?"

பெரிதாக்கிக் காட்டினேன். தெரு ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. பெயர் இல்லை.

"அந்தாண்ட கம்பெனிக்கெல்லாம் பேர் போட்டுகிறான். எங்க தெருவுக்குப் போடல பாரு. வெள்ளம் வந்தப்போ எங்கள ஏத்திக்க வந்த படகுக்காரன் தெரு தெரியாம சுத்தினான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "பிள்ளையார் கோயில் தெரு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். இந்தக் கருவிகளில் ஏறும் வரைபடம் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடம். அன்று மாலையே வீட்டிலிருந்து அந்தப் பெயரைச் சேர்த்தேன். பத்து நிமிட வேலை. உங்கள் தெருவுக்கும் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரைப் பாதை மேடும் பள்ளமுமாக 1.3 கிலோமீட்டர். எங்கள் இருவரையும் தவிர நாரைகள் மட்டும். பெரிய சாலையில் ஏறியதும் எர்ணாவூர் மேம்பாலம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கண்ணாடியில் ஒரு பார்வை, சாலையில் ஒரு பார்வை, திரைக்குத் தனியாகப் பார்வை தேவைப்படவில்லை. என் முதுகை ஜோசபின் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்பதும் ஒரு தெம்புதான்.

8.40-க்கு முகத்துவாரம். ராயபுரத்திலிருந்து சுற்று வழியில் 18.6 கிலோமீட்டர். ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் வலை இழுக்கிற ஆட்கள், நடுவில் ஆறு கடலுக்குள் நுழைகிற இடத்தில் வெயில் தகதகத்தது. ஜோசபின் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டுதான். பாஸ் பண்ணிட்டே," என்றாள்.  

கொஞ்ச நேரம் கழித்து, "சீட்டைக் கீழ எறக்கு," என்றாள்.

"எதுக்கு?"

"நான் ஓட்டறேன். ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போய்கினு இருந்தேன். நீ ஸ்கூட்டர்ல பின்னாடி வா."

அவள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் பத்தடி ஆடிப்போய், அப்புறம் நேராகப் போனாள். ஒரு திருப்பத்தில் அம்புக்குறியை மதிக்காமல் மீனவர் குடியிருப்புக்குள் நுழைந்து 250 ரூபாய்க்கு இறால் வாங்கினாள். கருவி 'பாதை தவறியது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இறாலை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். எர்ணாவூர் பாலம் தாண்டும்வரை இறங்கவில்லை. அவள் எத்தனை முறை குனிந்தாள் என்று நான் எண்ணவில்லை. ஆரன் அடிக்க மனமும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நேர்ச் சாலையில், தெரிந்த வழியில் மட்டும் ஓட்டுகிறவருக்குக் கோடு மட்டும் காட்டும் மலிவு வகையே போதும். வடசென்னை மாதிரி மேலே பாலமும் பக்கத்தில் வாய்க்காலும் உள்ள ஊரில் வரைபடம் இல்லாத கருவியை வாங்காதீர்கள். தமிழ்நாடு வரைபடத்தைக் கணினி வழியே ஏற்ற நாற்பது நிமிடம் ஆகும், கிளம்புகிற காலையில் அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். என் கருவியில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத்தான் தெரிகின்றன, வாங்குமுன் கடையில் சோதித்துவிடுங்கள். பேட்டரி நாலே முக்கால் மணி நேரத்தில் 22 சதவீதம் குறைந்தது, ஒரு நாளுக்குத் தாராளம். முன்னால் நீட்டி மாட்டும் கையை முதல் நாளே மாட்டுங்கள். பாதையை ஏற்றியதும் வீட்டிலேயே ஒருமுறை திரையில் முழுக்க ஓட்டிப் பார்த்து, வாய்க்காலைக் காட்டும் நீலக் கோட்டுக்கு அருகில் போகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமும் கேளுங்கள். முக்கியமாக மழைக்காலத்தில்.

10.35-க்கு வீடு சேர்ந்தோம். சாப்பாட்டுக்கு அப்புறம் அன்றைய பதிவை இருவரும் சேர்ந்து திறந்து பார்த்தோம். மொத்தத் தூரம், நேரம், ஏற்றம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதிகபட்ச வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர், எர்ணாவூர் மேம்பாலத்தின் இறக்கத்தில், காலை 9.52-க்கு. அந்த நேரத்தில் நான் ஸ்கூட்டரில், மடியில் இறாலோடு, அவள் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.