பிடித்தது எது என்று கேட்டான்

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்ட காலத்தில், அவர்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்களில் மூன்று என் கைக்கு வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, மற்றது சிவப்பு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அவற்றை நிறுத்தினேன். துறைமுகப் பட்டறையில் வேலை முடிந்து வந்தால் நேரே கொட்டகைக்குள் போய்விடுவேன். மனைவி தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவந்து வைப்பாள்.

மூன்றிலும் கறுப்பில்தான் எனக்கு உயிர். அதை யாருக்கும் சொன்னதில்லை.

பட்டறையில் என்னோடு வேலை செய்த கிண்ணியா நண்பன் ஒருவன் விடுமுறை நாட்களில் பாதையில் வருவான். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அவனிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனால் நான் வியர்த்து விறுவிறுக்க உதைத்தும் அசையாத பச்சை, அவன் கால் பட்டால் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். கடற்கரை வீதியில் ஒரு சுற்றுச் சுற்றி அவன் திரும்பும்போது என் மனைவி வாசலுக்கு வருவாள். “அவர் ஓடேக்க சத்தமே வேற மாதிரிக் கிடக்கு” என்பாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவனுக்கு மூதூரில் கலியாணம் நிச்சயமானது.

“மச்சான், கலியாணம் முடியுமட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் தருவியா? மூதூர், தோப்பூரெல்லாம் போய்ச் சொந்தக்காரருக்குச் சொல்லோணும்.”

“அதுக்கென்ன, எதையெண்டாலும் கொண்டு போ” என்றேன். மனைவி பக்கத்தில் நின்றதால் வந்த தாராளம் அது.

“அப்பிடி ஏலாது. உனக்கு ஆக விருப்பமானது எதெண்டு சொல்லு. அதை நான் தொடமாட்டன்.”

கறுப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவனுடைய கை பச்சையின் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்குப் பணியாத வண்டியில் அவன் மூதூர்த் தெருக்களில் போவதையும், சனம் நின்று பார்ப்பதையும் நினைத்தேன்.

“பச்சைதான்” என்றேன்.

அவன் உடனே கையை எடுத்துக்கொண்டான். சிவப்பின் டயர் தேய்ந்திருந்தது. “அப்ப இதைக் கொண்டு போறன்” என்று கறுப்பை வெளியே உருட்டினான். மறுக்க எனக்கு வழியில்லை. தெருமுனை திரும்பும்வரை அதன் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

கலியாணத்துக்கு லோஞ்சில் ஏறிக் கடல் கடந்து மூதூர் போனேன். பெண் வீட்டு வாசலில் கறுப்பு நின்றது. கைப்பிடியில் யாரோ பூச்சரம் சுற்றியிருந்தார்கள். வண்டி பளபளத்தது; நான்கூட அதை அப்படி மினுக்கியதில்லை. பெண்ணின் வாப்பா என் கையைப் பிடித்து, “மாப்பிள்ளைக்கு வாகனம் தந்த ஆள் நீங்கள்தானே? இருங்கோ, சாப்பிடுங்கோ” என்று தானே பரிமாறினார். இறைச்சிக்கறி நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கலியாணம் முடிந்து புதுப் பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து கறுப்பைத் திருப்பித் தந்தான். “மச்சான், உன்னட்ட இருக்கிறதில நல்லது இதுதான். நீ ஏன் அந்தப் பச்சையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?” என்று கேட்டான். அவர்கள் போனதும் கறுப்பில் ஏறினேன். கண்ணாடிகள் அவன் உயரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. அன்று மாலை முழுவதும் அவற்றைத் திருத்துவதிலேயே போனது.

அடுத்த வருடம் பச்சையை அவனுக்கே விற்றேன். எனக்கு அது கடைசிவரை பணியவில்லை.

“உனக்கு ஆக விருப்பமானதல்லோ?” என்று தயங்கினான்.

“ஓம். பரவாயில்லை” என்றேன்.

உயிருக்குயிரான வண்டியைத் தனக்காக விட்டுக்கொடுத்தவன் என்று கிண்ணியா முழுக்க என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தான். அந்தப் பக்கம் போனால் தெரியாத ஆட்களும் என்னை மறித்துத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே சில நாள் பச்சை அந்த வழியால் போகும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தம் தேய்ந்து மறையுமட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.